அலைக்கு முந்தி வரும் செய்தி

நம் பள்ளியில் இன்று பயிலும் மாணவியருள் ஒருத்தியேனும் 2004-ஆம் ஆண்டின் சுனாமியைத் தன் கண்ணால் கண்டவள் இல்லை. பன்னிரண்டாம் வகுப்பு மாணவிகூட அதற்குப் பின் பிறந்தவளே. ஆனால் தந்திராயன்குப்பத்திலும், பொம்மையார்பாளையத்திலும், வடக்கே மரக்காணம் வரையுள்ள மற்றக் குப்பங்களிலும் வாழும் அன்னையரைக் கேட்டுப் பாருங்கள். அன்று காலை அடுப்பில் என்ன வெந்துகொண்டிருந்தது என்பதுகூட அவர்களுக்கு மறந்திராது. தாயின் நெஞ்சில் ஆறாத வடுவாக இருப்பது மகளுக்கு வெறும் கதையாகி வருகின்றது. பேத்தியின் காலத்தில் அக்கதையும் மறைந்துபோகும். அந்த மறதி அலையைவிடக் கொடியது என்பதே என் கருத்து. அதை எடுத்துச் சொல்லவே இக்கட்டுரை.

நம் இரும்பை கடலோரத்து ஊர் அன்று. தேவாரப் பாடல் பெற்ற மாகாளத்தால் பெயர் விளங்கும் இச்சிற்றூர், கடலுக்கு மேற்கே சில கிலோமீட்டர் தள்ளிச் செம்மண் நிலத்தில் அமைந்துள்ளது. "அலை இங்கே வராது, நமக்கென்ன?" என்று சிலர் எண்ணக்கூடும். அலை வராமல் இருக்கலாம். ஆனால் அலைக்குத் தப்பியவர்கள் வருவார்கள். நம் உறவினரும், நமக்கு மீன் கொண்டுவரும் அம்மாக்களும், நம் வகுப்புத் தோழியரும் கரையோரத்தில் வாழ்கின்றார்கள். ஆகையால் இது நம் காரியமே.

அன்று நடந்தது என்ன என்பதை முதலில் அறிந்துகொள்வோம். 2004 டிசம்பர் 26, கிறிஸ்து பிறப்பு விழாவின் மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. இந்திய நேரப்படி காலை 6 மணி 29 நிமிடத்திற்கு இந்தோனேசியாவின் சுமத்ராத் தீவுக்கு மேற்கே கடலடியில் பூமி அதிர்ந்தது. அதன் அளவு 9.1. நாம் நிற்கும் நிலம் ஒரே பாறையாக இல்லை. பெரும் பலகைகள் போன்ற பாறைத்தட்டுகள் பல சேர்ந்ததே பூமியின் மேலோடு. சுமத்ராவிலிருந்து அந்தமான் வரையுள்ள கோட்டில் ஒரு தட்டு மற்றொன்றின் கீழே சிறிது சிறிதாக நுழைந்துகொண்டிருக்கின்றது. நூற்றாண்டுகளாக அங்கே சேர்ந்திருந்த இறுக்கம் அன்று சில நிமிடங்களில் அவிழ்ந்தது. 1,200 கிலோமீட்டருக்கு மேற்பட்ட நீளத்திற்குக் கடலடி பிளந்து, பல இடங்களில் மீட்டர் கணக்கில் மேலெழும்பியது. தரை எழும்பவே, அதன்மேல் நின்ற கடல் முழுவதும் எழும்பியது. எழும்பிய நீர் இருபுறமும் சரிந்து ஓடியது. அதுவே சுனாமி.

சுனாமி என்பது ஜப்பானியச் சொல். 'சு' என்றால் துறைமுகம். 'நாமி' என்றால் அலை. ஆழ்கடலில் தொழில் செய்துவிட்டுத் திரும்பிய மீனவர்கள் தங்கள் துறை மட்டும் அழிந்து கிடப்பதைக் கண்டு இட்ட பெயர் என்பார்கள். இப்பெயரில் பேருண்மை ஒன்று அடங்கியிருக்கின்றது. ஆழ்கடலில் இந்த அலையின் உயரம் ஒரு மீட்டருக்கும் குறைவாகவே இருக்கும். அதன் நீளமோ நூற்றுக்கணக்கான கிலோமீட்டர். படகில் இருப்பவனுக்கு அது அடியில் கடந்துபோவதே தெரியாது. ஆனால் 4,000 மீட்டர் ஆழமுள்ள கடலில் அது மணிக்கு ஏறத்தாழ 700 கிலோமீட்டர் வேகத்தில், ஆகாயவிமானத்திற்கு நிகராக ஓடும். கரையை நெருங்கி ஆழம் குறையக் குறைய வேகம் தணியும். 10 மீட்டர் ஆழத்தில் மணிக்கு 36 கிலோமீட்டர்தான். முன்னே போகும் நீர் தயங்க, பின்னே வரும் நீர் முட்டிக்கொண்டு மேலே ஏறுகின்றது. கடலில் முழங்கால் உயரமாக இருந்தது கரையில் தென்னை உயரமாக எழுவது இவ்வாறே.

சுமத்ராவிலிருந்து நம் சோழமண்டலக் கரைக்கு அந்த அலை வந்து சேர இரண்டு மணி நேரத்திற்கு மேலாயிற்று. காலை ஒன்பது மணிக்குப் பின்னரே அது சென்னையையும் புதுச்சேரியையும் நாகையையும் தாக்கியது. வேளாங்கண்ணியில் விழாக் காலத் திருப்பயணிகள் திரளாகக் கூடியிருந்த வேளை அது. தமிழகத்தில் மட்டும் ஏறத்தாழ 8,000 பேர் மாண்டனர். அவர்களுள் 6,000-க்கும் மேற்பட்டோர் நாகை மாவட்டத்தில் மாண்டவர்கள். 14 நாடுகளில் இரண்டேகால் இலட்சத்திற்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர்.

இரண்டு மணி நேரம்! இந்தச் சொற்களை மீண்டும் ஒருமுறை எண்ணிப் பாருங்கள். மரக்காணத்துக் கரையிலிருந்து ஒரு கிலோமீட்டர் நடக்க ஒரு குழந்தைக்கு அரை மணி நேரம் போதும். அன்று காலை நிலம் மெல்ல நடுங்கியதைச் சென்னையில் உணர்ந்தவர்கள் உண்டு. ஹவாய்த் தீவிலுள்ள பசிபிக் சுனாமி எச்சரிக்கை நிலையம் பதினைந்து நிமிடங்களில் நிலநடுக்கத்தைக் கண்டறிந்து அறிக்கை விடுத்தது. 1946-இல் அலூஷியன் தீவுகளில் பிறந்த அலை ஹவாயில் 159 பேரைக் கொன்றதன் பயனாக 1949-இல் ஏற்பட்ட நிலையம் அது. ஆனால் அதன் பொறுப்பு பசிபிக் கடல் மட்டுமே. இந்துமாக்கடல் நாடுகளுக்குச் செய்தி சொல்ல அதற்கு வழியில்லை. கார் நிக்கோபார் விமானப்படைத் தளம் அலையில் அழிந்துகொண்டிருந்தபோதுகூட நம் கரையில் மக்கள் மீன் ஏலம் விட்டுக்கொண்டிருந்தனர். சிறுவர்கள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தனர். தில்லியிலிருந்து சென்ற எச்சரிக்கைத் தொலைநகல் ஒன்று பதவியில் இல்லாத முன்னாள் அமைச்சர் ஒருவரின் முகவரிக்குப் போய்விட்டதாக அந்நாட்களில் பத்திரிகைகள் எழுதின. செய்தி இருந்தது, அது நடந்து வர ஒரு பாதை இல்லை.

அந்தப் பாதையை இன்று நம் நாடு அமைத்திருக்கின்றது. ஹைதராபாத்தில் இந்தியக் கடல்சார் தகவல் சேவை மையம் இருக்கின்றது. சுருக்கமாக 'இன்காய்ஸ்' என்பார்கள். அதில் 2007 அக்டோபர் 15 முதல் இந்திய சுனாமி முன்னெச்சரிக்கை மையம் இரவும் பகலும் இயங்கி வருகின்றது. 2011 முதல் ஆஸ்திரேலியா, இந்தோனேசியா ஆகிய நாடுகளோடு சேர்ந்து இந்துமாக்கடல் நாடுகள் அனைத்திற்கும் அது செய்தி வழங்குகின்றது.

அது வேலை செய்யும் விதத்தை அறிவியல் படிக்கும் மாணவியர் மட்டுமன்றி எல்லாரும் புரிந்துகொள்ள வேண்டும். கடலடியில் பூமி அதிர்ந்தால் இரண்டு தூதர்கள் ஒரே நேரத்தில் புறப்படுகின்றார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் பாறையின் வழியே ஓடும் நிலநடுக்க அலை. மற்றவர் நீரின் வழியே ஓடும் சுனாமி. முதல் தூதர் வினாடிக்குப் பல கிலோமீட்டர் வேகத்தில் ஓடி, சுமத்ராவிலிருந்து நம் நாட்டுக்கு நான்கைந்து நிமிடங்களில் வந்துவிடுவார். இரண்டாமவருக்கு இரண்டு மணி நேரத்திற்கு மேல் வேண்டும். முதல்வர் வந்து இரண்டாமவர் வருவதற்குள் உள்ள இடைவெளியே நமக்கு இறைவன் அளித்த அவகாசம். எச்சரிக்கை அமைப்பு முழுவதும் அந்த இடைவெளிக்குள் நடக்கும் வேலைதான்.

பல இடங்களில் வைத்துள்ள நிலநடுக்கமானிகள் முதல் தூதரின் வருகையைப் பதிவு செய்கின்றன. எங்கே அதிர்ந்தது, எவ்வளவு ஆழத்தில், எத்துணை வலிமையோடு என்பதைக் கணிப்பொறி கணக்கிடுகின்றது. ஏறத்தாழப் பத்து நிமிடங்களில் முதல் அறிக்கை வெளியாகின்றது. பல்லாயிரம் கற்பனை நிலநடுக்கங்களுக்கு முன்னரே கணக்குப் போட்டு வைத்திருப்பதால், எந்தக் கரைக்கு எத்தனை மணிக்கு எவ்வளவு உயர அலை வரக்கூடும் என்று உடனே சொல்ல முடிகின்றது. ஆனால் கடலடியில் ஏற்படும் நிலநடுக்கம் ஒவ்வொன்றும் சுனாமியை எழுப்புவதில்லை. ஆகவே அலை உண்மையாகவே எழுந்ததா என்று கடலையே கேட்க வேண்டும். ஆழ்கடலின் தரையில் நீர் அழுத்தத்தை அளக்கும் கருவிகளை இறக்கி வைத்திருக்கின்றார்கள். தலைக்கு மேல் சில ஆயிரம் மீட்டர் நீர் நிற்க, அந்நீர் ஓரிரு சென்டிமீட்டர் ஏறினாலும் இறங்கினாலும் கருவி அறிந்துகொள்ளும். அறிந்ததை ஒலியாக மேலே மிதக்கும் மிதவைக்கு அனுப்பும். மிதவை செயற்கைக்கோளுக்கு அனுப்பும். செயற்கைக்கோள் ஹைதராபாத்துக்கு அனுப்பும். துறைமுகங்களிலுள்ள அலைமானிகளும் தங்கள் பங்கைச் சொல்லும்.

அறிக்கையில் மூன்று படிகள் உண்டு. அலை இரண்டு மீட்டருக்கு மேல் எழக்கூடும் என்றால் 'எச்சரிக்கை': கரையோர மக்கள் உடனே வெளியேற வேண்டும். அரை மீட்டரிலிருந்து இரண்டு மீட்டர் வரை என்றால் 'உஷார்': கடற்கரையையும் தாழ்ந்த இடங்களையும் விட்டு விலக வேண்டும். அதற்கும் குறைவானால் 'கவனிப்பு': வெளியேறத் தேவையில்லை, அடுத்த செய்திக்குக் காத்திருக்க வேண்டும். இச்செய்தி மாநிலக் கட்டுப்பாட்டு அறைக்கும், மாவட்ட ஆட்சியருக்கும், அங்கிருந்து கடலோர ஊர்களுக்கும் செல்கின்றது. 2023-ஆம் ஆண்டில் நம் கைபேசிகள் ஒரே நேரத்தில் உரத்த ஓசை எழுப்பி ஒரு சோதனைச் செய்தியைக் காட்டியது பலருக்கு நினைவிருக்கும். அதுவும் இத்தகைய ஆபத்துக் காலத்திற்கான ஒத்திகையே.

இத்தனையும் நம் நாட்டு அறிஞர்களின் அருமையான சாதனை. அவர்களை வாழ்த்துவோம். ஆயினும் ஒன்று கேட்கிறேன். ஹைதராபாத்திலிருந்து மாவட்டத் தலைநகர் வரை செய்தி பத்துப் பதினைந்து நிமிடங்களில் வந்துவிட்டது. அங்கிருந்து குப்பத்தின் கடைசிக் குடிசை வரை வர எத்தனை நேரம்? வந்த செய்தியைக் கேட்டவர் என்ன செய்வார்? இவ்வினாக்களுக்கு எந்தக் கணிப்பொறியும் விடை சொல்லாது. விடை நம்மிடம் இருக்க வேண்டும்.

அன்றே இதற்கு விடை சொன்ன ஊர் ஒன்று நமக்கு அருகிலேயே உண்டு. புதுச்சேரிக்குத் தெற்கே உள்ள நல்லவாடு என்னும் மீனவ ஊர். எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் துணையோடு அங்கே ஒரு கிராம அறிவு மையம் நடந்து வந்தது. மீனவர்களுக்குக் கடல் நிலவரத்தை அறிவிக்க அதில் ஒலிபெருக்கி வைத்திருந்தார்கள். அன்று காலை சிங்கப்பூரில் வேலை பார்த்த அவ்வூர் இளைஞர் ஒருவர் செய்தி கேட்டு வீட்டுக்குத் தொலைபேசியில் பேசினார். "கடல் நீர் உள்ளே வருகிறது" என்றனர் வீட்டார். "உடனே ஓடுங்கள், ஊராரையும் ஓடச் சொல்லுங்கள்" என்றார் அவர். ஊரார் மையத்தின் பூட்டை உடைத்து, ஒலிபெருக்கியில் திரும்பத் திரும்ப அறிவித்தார்கள். வீடுகளும் படகுகளும் போயின. ஆனால் 3,600-க்கும் மேற்பட்ட அம்மக்கள் உயிர் பிழைத்தார்கள். விலையுயர்ந்த கருவி எதுவும் அங்கே இல்லை. ஒரு தொலைபேசி, ஓர் ஒலிபெருக்கி, சொன்னதும் நம்பி ஓடிய மக்கள், இவ்வளவே.

இனி நான் சொல்லப்போவது பெண்பிள்ளைகள் படிக்கும் இப்பள்ளியில் சிறப்பாகச் சொல்ல வேண்டியது. சுனாமிக்குப் பின் 'ஆக்ஸ்பாம்' என்னும் தொண்டு நிறுவனம் 2005-இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. நமக்குத் தெற்கே உள்ள கடலூர் மாவட்டத்தில் மாண்ட ஆண்கள் 146, பெண்கள் 391. அதாவது ஏறக்குறைய மூன்று மடங்கு. அலைக்கு ஆண் பெண் என்ற பேதம் ஏது? பேதம் நம் வாழ்க்கை முறையில் இருந்தது. ஆண்கள் பலர் ஆழ்கடலில் இருந்தார்கள். அங்கே அலை அவர்களுக்குத் தீங்கு செய்யாமல் கடந்து போயிற்று. பெண்கள் கரையில் மீனுக்குக் காத்திருந்தார்கள். வீட்டில் பிள்ளைகளோடு இருந்தார்கள். அவர்களுக்கு நீந்தத் தெரியாது, மரமேறத் தெரியாது, சேலை காலைச் சுற்றியது. குழந்தையைத் தேடித் திரும்பி ஓடியவர்கள் பலர். தாயன்பு அவர்களைத் திரும்ப வைத்தது. அந்த அன்பைக் குறை சொல்ல எவருக்கும் வாயில்லை. ஆனால் எங்கே போய்ச் சேர வேண்டும் என்பதை வீட்டார் அனைவரும் முன்னரே பேசி வைத்திருந்தால், அந்தத் தாய் திரும்பி ஓடியிருக்க வேண்டியதில்லை அல்லவா?

நம் கரைக்கே உரிய வேறொரு கவலையும் உண்டு. மரக்காணத்தின் உப்பளங்களை எண்ணிப் பாருங்கள். கண்ணுக்கெட்டிய தூரம் பாத்தி பாத்தியாகத் தட்டை நிலம். ஏறி நிற்க மேடில்லை, பிடித்துக்கொள்ள மரமில்லை. கழுவெளிக்கும் கடலுக்கும் இடையே உப்பங்கழி ஓடுகின்றது. வடக்கேயிருந்து வரும் பக்கிங்காம் கால்வாயும் மரக்காணத்தில்தான் முடிகின்றது. ஆற்று முகத்துவாரங்களிலும் கழிகளிலும் சுனாமி புகுந்து வெகுதூரம் உள்ளே ஏறும் என்பது 2004-இல் பல ஊர்களில் கண்ட உண்மை. விடியுமுன்னே வந்து, வெயில் ஏறும்வரை குனிந்து உப்பு வாரும் பெண்களுக்கு யார் செய்தி சொல்வார்கள்? குப்பத்து ஒலிபெருக்கி அங்கே கேட்குமா? கைபேசியை வீட்டில் வைத்துவிட்டு வந்த தாய்க்கு அந்த உரத்த ஓசையால் என்ன பயன்? எச்சரிக்கைச் சங்கின் ஓசை எங்கே வரை கேட்கிறது என்று அளக்கும்போது, ஊர்ச் சாவடியில் மட்டும் நின்று கேட்காமல் உப்புப் பாத்தியின் நடுவிலும் நின்று கேட்டுப் பார்க்க வேண்டும். அங்கே கேட்காவிட்டால் அந்த அமைப்பு இன்னும் முழுமை பெறவில்லை என்றே நான் சொல்வேன்.

இதற்கு மறுப்பாகச் சிலர் கூறுவனவும் உண்டு. "சுனாமி நூறு ஆண்டுக்கொரு முறை வருவது, அதற்காக ஏன் பிள்ளைகளைப் பயமுறுத்த வேண்டும்?" என்கிறார்கள். கடல்கோள் என்ற சொல்லைத் தமிழ் பழங்காலந்தொட்டே அறியும்; புகாரைக் கடல் கொண்டதை மணிமேகலை கூறுகின்றது. பழங்கதையை விட்டுவிட்டாலும், 1881-இல் கார் நிக்கோபார் அருகே எழுந்த அலை சென்னை, நாகப்பட்டினம் துறைகளின் அலைமானிகளில் பதிவாகியிருக்கின்றது. முன் வந்தது பின்னும் வரும். மேலும், அறிந்தவனுக்கு அச்சம் குறையும். அறியாதவனுக்கே அது மிகும். 2004 டிசம்பர் 30-ஆம் நாள், மீண்டும் பேரலை வருகிறது என்ற தவறான அறிவிப்பால் நம் கரை முழுவதும் மக்கள் பதறி ஓடினார்கள். துயர் துடைக்கும் பணியே நின்றது. இன்ன நாளில் நிலநடுக்கம் வரும் என்று முன்கூட்டிச் சொல்ல உலகில் எவராலும் இயலாது. நடுங்கிய பின்னரே சுனாமிக்கு எச்சரிக்கை பிறக்கும். இந்த ஒரு பாடத்தை நம் மாணவியர் அறிந்தால், நாளை வரும் வதந்திகளுள் பாதி வீட்டு வாசலிலேயே நின்றுவிடும்.

"2012-இல் எச்சரிக்கை விடுத்தார்களே, என்ன வந்தது?" என்று கேட்பாரும் உண்டு. 2012 ஏப்ரல் 11 பிற்பகலில் சுமத்ராவுக்கு மேற்கே 8.6 அளவுள்ள நிலநடுக்கம் ஏற்பட்டது. அன்று பாறைத்தட்டுகள் பக்கவாட்டில் உரசி நகர்ந்தனவேயன்றிக் கடலடியை உயரத் தூக்கவில்லை. ஆகவே சிறு அலையே எழுந்தது. எச்சரிக்கையும் சில மணி நேரத்தில் நீக்கப்பட்டது. இது அமைப்பின் தோல்வியா? வேலி போட்டும் ஆடு வரவில்லையே என்று வேலியைப் பிடுங்குவார் உண்டோ? ஒன்பது முறை வீணாக மேடேறியவனும் பத்தாம் முறை ஏற வேண்டும். அந்தப் பத்தாம் முறையே அவன் உயிர்.

புயலை நாம் நன்கு அறிவோம். 2024 நவம்பர் 30-ஆம் நாள் பெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது நாம் பட்ட பாடு மறக்கக்கூடியதன்று. ஆனால் புயல் சில நாட்களுக்கு முன்பே சொல்லிவிட்டு வரும். பால் வாங்கி வைக்கலாம், மெழுகுவர்த்தி எடுத்து வைக்கலாம். சுனாமி தருவது இரண்டு மணி நேரமே. அந்தமானுக்கோ அரை மணிகூட இல்லை. ஆகையால் புயலுக்குக் கடைசி நாளில் ஆயத்தமாகலாம். சுனாமிக்கு ஆண்டு முழுவதும் ஆயத்தமாயிருக்க வேண்டும்.

ஆயத்தம் என்றால் என்னவென்று இரண்டு இடங்கள் நமக்குக் கற்பிக்கின்றன. சுமத்ராவின் அருகே சிமலூ என்று ஒரு தீவு. 1907-இல் அங்கே ஒரு பேரலை வந்து பலரைக் கொன்றது. பிழைத்தவர்கள் அதை 'ஸ்மோங்' என்ற பெயரால் பாட்டாகவும் கதையாகவும் பிள்ளைகளுக்குச் சொல்லி வந்தார்கள். நிலம் பலமாக நடுங்கினால் காத்திராதே, மலைக்கு ஓடு என்பதே அதன் சாரம். 97 ஆண்டுகள் பாட்டிமார் வாயில் அச்சொல் வாழ்ந்தது. 2004-இல் அதிர்ந்த இடத்திற்கு மிக அருகில் இருந்த அத்தீவில் ஏறத்தாழ 78,000 மக்களுள் மாண்டவர் ஏழு பேர் மட்டுமே. மற்றொன்று, அதே நாளில் தாய்லாந்தின் மாய் காவ் கடற்கரையில் நடந்தது. விடுமுறைக்கு வந்திருந்த பத்து வயது ஆங்கிலச் சிறுமி டில்லி ஸ்மித், கடல் நுரைத்துப் பொங்குவதைக் கண்டாள். இரண்டு வாரங்களுக்கு முன் புவியியல் வகுப்பில் கேட்ட பாடம் அவளுக்கு நினைவு வந்தது. பெற்றோரிடம் பிடிவாதமாகச் சொன்னாள். கரையிலிருந்த ஏறத்தாழ நூறு பேர் அவளால் பிழைத்தார்கள். ஒரு வகுப்பில், ஒரு பாட வேளையில், ஒரு பெண் கவனமாகக் கேட்டதன் பயன் இது.

ஆகவே நம் அருட்சகோதரியர் முன்பும், பெற்றோர் முன்பும், மாணவியர் முன்பும் சில வேண்டுகோள்களை வைக்கிறேன்.

முதலாவது, நவம்பர் 5-ஆம் நாளை ஐக்கிய நாடுகள் சபை உலகச் சுனாமி விழிப்புணர்வு நாளாக அறிவித்திருக்கின்றது. 1854-இல் ஜப்பானில் ஹமாகுச்சி கோரியோ என்பவர் தம் நெற்கதிர்களுக்குத் தீயிட்டு, அவ்வெளிச்சத்தால் ஊராரை மேட்டுக்கு வழிநடத்திக் காப்பாற்றியதன் நினைவு அது. அந்நாளில் ஆண்டுதோறும் நம் பள்ளியில் ஓர் ஒத்திகை நடக்கட்டும். மணி அடித்ததும் யார் எங்கே செல்வது, சிறு வகுப்புப் பிள்ளைகளை யார் அழைத்துச் செல்வது என்று பழகட்டும். ஒடிசா மாநிலத்தில் வெங்கட்ராய்பூர், நோலியாசாஹி என்னும் இரு சிற்றூர்கள் இவ்வாறு பழகியே 2020-இல் யுனெஸ்கோவின் 'சுனாமிக்கு ஆயத்தமான ஊர்' என்ற சிறப்பைப் பெற்றன. அவர்களால் முடிந்தது நம்மால் முடியாதா?

இரண்டாவது, கரையோரத்திலிருந்து வரும் மாணவி ஒவ்வொருத்தியும் தன் வீட்டில் ஒரு மாலை நேரம் இதைப் பேச வேண்டும். எந்த வழியாக மேட்டுக்கு ஓடுவது? பிரிந்துவிட்டால் எங்கே கூடுவது? பாட்டியை யார் கைப்பிடிப்பது? உப்பளத்திலிருக்கும் அம்மாவுக்குச் செய்தி சொல்ல யார் ஓடுவது? மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் 1077, மாநிலக் கட்டுப்பாட்டு அறையின் 1070 ஆகிய எண்களைச் சுவரில் எழுதி வையுங்கள்.

மூன்றாவது, அறிகுறிகளைச் சரியாக அறியுங்கள். "கடல் உள்வாங்கினால் ஓடு" என்று மட்டும் பலர் கற்றிருக்கின்றார்கள். அது பாதிப் பாடமே. 2004-இல் தாய்லாந்துக் கரையில் கடல் முதலில் உள்வாங்கியது. நம் கரையிலோ நீர் முதலில் ஏறியது. உள்வாங்கட்டும் என்று நின்றவன் பிழைக்க மாட்டான். முதல் அலை சிறிதாகவும் பின்வருவது பெரிதாகவும் இருக்கலாம். அலை வடிந்ததும் உடைமையைத் தேடிக் கரைக்குத் திரும்பக் கூடாது. அபாயம் நீங்கிற்று என்று அரசு அறிவிக்கும்வரை மேட்டிலேயே இருக்க வேண்டும்.

நான்காவது, பெண்பிள்ளைகளுக்கு நீச்சல் கற்றுக்கொடுங்கள். பெற்றோரே, இதைச் சற்றுத் தயக்கத்தோடுதான் எழுதுகிறேன். "வயசுப் பெண்ணுக்கு நீச்சல் எதற்கு?" என்பீர்கள். சுனாமியின் நடுவில் நீந்திப் பிழைப்பது எளிதன்று என்பதும் உண்மையே. ஆனால் நீரைக் கண்டு மருளாத பெண், ஓடவும் ஏறவும் பழகிய பெண், தன்னையும் காப்பாள், தம்பி தங்கையரையும் காப்பாள். 391 என்ற எண்ணை ஒருமுறை நினைத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

ஐந்தாவது, சிமலூத் தீவின் பாட்டிமார் செய்ததை நாமும் செய்வோம். நமக்குத் தாலாட்டு இல்லையா? கும்மி இல்லையா? அடுத்த ஆண்டு விழாவில் நம் மாணவியரே கட்டிய கும்மி ஒன்று மேடையேறட்டும். அன்னையர் அன்று கண்டதைப் பிள்ளைகள் பாட்டாக்கட்டும். பரிசுக்காகப் பாடியது பரம்பரைக்கும் பயன்படும்.

மத்தேயு நற்செய்தியில் மணமகனுக்குக் காத்திருந்த பத்துக் கன்னியரின் உவமையை நாம் சிறு வயது முதலே கேட்டு வருகிறோம். பத்துப் பேரிடமும் விளக்கு இருந்தது. எண்ணெய் எடுத்துச் சென்றவர்கள் ஐந்து பேர் மட்டுமே. நள்ளிரவில் குரல் எழுந்தபோது எண்ணெய்க்குக் கடை தேடிப் போனவர்கள் திரும்பி வருமுன் கதவு அடைபட்டுவிட்டது. ஹைதராபாத்து மையமும், கடலடிக் கருவிகளும், செயற்கைக்கோளும் நம் கையில் கொடுக்கப்பட்ட விளக்குகள். அதற்கு எண்ணெய் நம் ஆயத்தமே. இதை அயலாரிடம் கடன் வாங்க முடியாது. குரல் கேட்ட பின் தேடவும் முடியாது.

இறுதியாக, இரும்பையில் உள்ள நமக்கு ஒரு சொல். 2004-இல் கரையோர மக்கள் ஓடி வந்தபோது கோயில்களும் பள்ளிவாசல்களும் தேவாலயங்களும் பள்ளிகளும் சாதி மதம் பாராமல் கதவு திறந்தன. நாளை ஒரு காலை நம் பள்ளியின் வாயிலில் நனைந்த சேலையோடும் தோளில் குழந்தையோடும் ஒரு தாய் வந்து நிற்கலாம். அவளுக்குக் குடிக்க நீரும், படுக்க இடமும், பிள்ளைக்குப் பாலும் உடனே கொடுக்க நாம் ஆயத்தமா? ஒத்திகை செய்ய வேண்டியவர்கள் ஓடுகிறவர்கள் மட்டும் அல்லர், வரவேற்கிறவர்களும்தான்.

உலகிற்கு உப்பாக இருக்க அழைக்கப்பட்டவர்கள் நாம். அதுவும் உப்பு விளையும் கரையில் பிறந்தவர்கள். அலையைத் தடுக்க நம்மால் ஆகாது. அலைக்கு முந்தி வரும் செய்தியைக் கேட்கவும், கேட்டதைக் கடைசிப் பாத்தியில் குனிந்து நிற்கும் அந்தத் தாய்வரை கொண்டு சேர்க்கவும் நம்மால் ஆகும். அதை இந்த ஆண்டே தொடங்குவோம்.